வெள்ளை மாபிள் தரை மங்கிப்போச்சு, பாஸ் அசிட் போடச் சொல்றாரு, போடலாமா?

டிக்கோயாக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தரை விசயமா ஒரு கேள்வி, தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க அண்ணே கட்டார்ல இருந்து அனுப்புன காசுல டிக்கோயாவுல வீடு கட்டி, ஹோலுக்கும் சாமி ரூமுக்கும் வெள்ளை மாபிள் போட்டோம். இந்தியாவுல இருந்து வந்த கல்லுன்னு கடையில சொன்னாங்க, சாம்பல் கலர்ல ரேகை ஓடும். போட்ட புதுசுல குனிஞ்சா முகம் தெரியும், இப்ப பார்த்தா வாசல்ல இருந்து சோபா வரைக்கும் நடக்குற வழி மட்டும் செத்துப் போய் கிடக்கு, ஓரம் எல்லாம் இன்னும் மினுங்குது.

அது ஒரு பக்கம். நிலைவாசல்ல அம்மா வெள்ளிக்கிழமை தேசிக்காய் வெட்டி குங்குமம் தடவி ரெண்டு பக்கமும் வைப்பாங்க, அந்த இடத்துல வட்ட வட்டமா ஒரு மாதிரி சொரசொரன்னு ஆகிருச்சு, அதுல செகப்பும் ஏறியிருக்கு. சாமி ரூம்ல குத்துவிளக்க சுத்தி எண்ணெய் ஊறி மஞ்சளா இருக்கு. இன்னொன்னு, மழைக்காலம் வந்தா பின்பக்க சுவர் ஓரமா கல்லுக்கு நடுவுல வெள்ளையா மாவு பூத்து வருது, தொடச்சா போகுது, காஞ்ச உடனே திரும்ப வருது.

டைல்ஸ் போட்ட மேசன் பாஸ்கிட்ட கேட்டேன், அசிட் வாங்கி தண்ணியில கலந்து ஊத்தி தேச்சா புதுசாகிரும்னு சொல்றாரு. அம்மா மண்ணெண்ணெய் போட்டு தொடைன்னு சொல்றாங்க, அவங்க காலத்துல செகப்பு சிமெந்து தரைக்கு அப்பிடித்தான். ஹார்ட்வெயார் கடையில போனா பத்து வித போத்தல காட்டுறாங்க. எதத்தான் போடுறது? வெராண்டாவுல கறுப்பு கல்லும் போட்டிருக்கு, அதுக்கும் இதே மருந்தான்னும் சொல்லுங்க.


நுவரெலியா_87:

ஈசியான வேலை. வினிகர் ஒரு கப், சுடுதண்ணி ஒரு வாளி, கொஞ்சம் அப்பச்சோடா. யூடியூப்ல நிறைய இருக்கு. எங்க வீட்டு டைல்ஸ் பளிச்சுன்னு இருக்கு.


கண்டி மாபிள் பொலிஷ்:

ஐயோ தங்கச்சி, தயவு செஞ்சு மேல சொன்னத செஞ்சிராதீங்க. அவர் வீட்டுல இருக்கிறது போர்சலின் டைல்ஸா இருக்கும், அதுக்கு வினிகர் ஊத்துனாலும் ஒன்னும் ஆகாது. உங்களது சுத்தமான மாபிள்னா வினிகர், தேசிக்காய், புளி, டொயிலட் கழுவுற தண்ணி, பாஸ் சொன்ன அசிட், இது எல்லாமே ஒரே ஜாதி, எல்லாம் கல்ல திங்கும். பாஸ்மார்ல நிறைய பேரு டைல்ஸ் போட்டு முடிச்சதும் மேல ஒட்டுன சிமெந்து கறைய எடுக்க அசிட் ஊத்தி பழகினவங்க, அந்த பழக்கத்துல மாபிளுக்கும் அதையே சொல்லிர்றாங்க. ஊத்துன உடனே நுரை வரும், அழுக்கு போகுதுன்னு நெனப்பீங்க, நுரையா வர்றது உங்க கல்லுதான்.

முதல்ல ஒன்னு பிரிச்சு பாக்கணும். தரையில இருக்கிறது கறையா, இல்ல அரிப்பா. இது ரெண்டும் தெரியாமத்தான் ஆளுக்கு ஒரு மருந்து சொல்றாங்க. கறைனா கல்லுக்குள்ள ஏதோ இறங்கியிருக்கு, இருட்டா அல்லது கலரா தெரியும், கையால தடவுனா கல்லு வழவழன்னுதான் இருக்கும். அரிப்புனா கல்லோட மேல் தோலே போயிருச்சு, வெளுத்து மங்கலா தெரியும், விரல் வச்சா சொரசொரப்பு. ராத்திரியில லைட்ட அணச்சிட்டு டோர்ச்ச தரையோட தரையா வச்சு அடிச்சுப் பாருங்க, அரிப்பு எங்கெங்க இருக்குன்னு மொத்தமா காட்டிக் குடுத்துரும்.

உங்க தேசிக்காய் வட்டம் ரெண்டும் சேந்தது. புளிப்பு கல்ல அரிச்சிருக்கு, அரிச்ச இடத்துல கல்லோட துவாரம் தெறந்து குங்குமம் உள்ள போயிருக்கு. கறைய இழுத்து எடுக்கலாம். அரிப்ப எந்த போத்தலும் எடுக்காது, தேச்சுத்தான் திரும்ப பொலிஷ் கொண்டுவரணும். சின்ன வட்டம்னா மாபிள் பொலிஷிங் பவுடர்னு கிடைக்கும், தகர ஒக்சைட் கலந்தது, கொஞ்சம் தண்ணி விட்டு ஈரத்துணியால வட்டமா அழுத்தி நேரம் எடுத்து தேய்க்கணும், லேசான அரிப்புக்கு அது போதும். ஆழமா போயிருந்தா மெசின்தான்.

நடக்குற வழி செத்துப்போனது அசிட்டால இல்ல, மணலால. அதுக்கு ஒரு ஆள் கீழ பதில் சொல்லுவாங்கன்னு நெனைக்கிறேன், நான் வேலைக்கு கிளம்புறேன், ராத்திரி வந்து மிச்சம் சொல்றேன்.


பதுளை டீச்சர்:

மணல பத்தி நான் சொல்றேன். மாபிள்ல இருக்கிறது கல்சைட், அதாவது கல்சியம் காபனேற்று, மோஸ் கடினத்தன்மை அளவுல அது 3தான். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7. செருப்புல ஒட்டி வர்ற ஒரு மணல் துணிக்கை உங்க தரைய விட எவ்வளவோ கெட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கீறல். கண்ணுக்கு கீறல் தனித்தனியா தெரியாது, ஆயிரக்கணக்குல சேந்தா வெளிச்சம் சிதறி தரை மங்கலாத் தெரியும், அதனாலதான் நடக்குற வழி மட்டும் மங்கி ஓரம் மினுங்குது. ஈரத்துணி போடுறதுக்கு முன்ன கூட்டியே ஆகணும், மணல வச்சுக்கிட்டு மொப் போடுறது தரைய தீட்டுறதுக்கு சமம்.

அசிட் விசயத்துக்கு தோட்டத்துலயே உதாரணம் இருக்கு. கவ்வாத்து வெட்டுற நேரம் மலைக்கு டொலமைட் கல்லுத்தூள் போடுவாங்களே, எதுக்கு? தேயிலை மண்ணுல உரம் போட்டு போட்டு புளிப்பு ஏறிப்போகும், அத டொலமைட் கரைஞ்சு சமப்படுத்தும், மக்னீசியமும் குடுக்கும். மாத்தளை, திகன பக்கம் வெட்டி எடுக்கிற அந்தக் கல்லும் உங்க மாபிளும் நெருங்குன சொந்தம். புளிப்பக் கண்டா தன்னையே கரைச்சுக்குறது அதோட குணம், தோட்டத்துல அது நமக்கு வேணும், வீட்டு ஹோல்ல வேணாம்.

வெராண்டா கறுப்பு கல்லு என்ன கல்லுன்னு தெரியணும்னா, கண்ணுக்கு படாத மூலையில, இல்லாட்டி மிச்சம் வச்ச துண்டு இருந்தா அதுல, ஒரு சொட்டு வினிகர் விட்டு பாருங்க. பொங்குனா சுண்ணாம்பு ஜாதி, மாபிள் மாதிரியே பாத்துக்கணும். சும்மா இருந்தா பெரும்பாலும் கிரனைட் இல்லாட்டி நம்ம மலைநாட்டு கருங்கல் வகை, அது கெட்டி, தேசிக்காய்க்கெல்லாம் பயப்படாது. ஒரு எச்சரிக்கை, டொலமைட் வகைன்னா சொட்டு விட்டா உடனே பொங்காது, ஆணியால சொரண்டி தூளாக்கி அதுல விட்டாத்தான் லேசா பொங்கும். சோதிச்ச உடனே தண்ணி விட்டு தொடச்சிருங்க.

இன்னொன்னு கட்டாயம் சொல்லணும். அசிட் போட்டும் போகலன்னு அது மேலயே ப்ளீச் ஊத்துற ஆக்கள் இருக்காங்க. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும். குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தி வைக்கிற வீடு நம்ம வீடு. தரை போனா போகுது, நெஞ்சு போயிரும்.


மாத்தளை கோயில் பொடியன்:

அக்கா, எண்ணெய் கறைக்கு நான் சொல்றேன், எங்க கோயில்ல அர்த்த மண்டபத்துக்கு முன்னால ஒரு உபயகாரர் மாபிள் போட்டுக் குடுத்து அதுல இருந்து எங்களுக்கு இதே பாடுதான். விளக்கெண்ணெய், தேங்கெண்ணெய், தயிர், பஞ்சாமிர்தம், தேசிக்காய் எல்லாம் அபிசேக தண்ணியோட ஓடி வந்து அங்கதான் நிக்கும். பக்கத்துல பழைய கருங்கல் தரை எத்தன வருசமா அதே எண்ணெய குடிச்சிட்டு கறுகறுன்னு அழகா கிடக்கு, அதுக்கு ஒன்னுமே ஆகல, மாபிள்தான் வீணாப்போச்சு. என்னையக் கேட்டா சாமி இருக்கிற இடத்துக்கு கருங்கல்லுதான் சரி, ஆனா உபயகாரர்கிட்ட யாரு சொல்றது.

சரி, பத்து போடுற முறை. கல்லுக்குள்ள போன எண்ணெய மேல தேச்சு எடுக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். அப்பச்சோடா இல்ல வெள்ளை களிமண் தூள் எடுத்து, எண்ணெய்க்குனா அசிட்டோன் விட்டு ரொட்டி மா பதத்துக்கு குழைச்சு கறைக்கு மேல விரல் மொத்தத்துல போட்டு, கறைய விட ரெண்டு விரல் சுத்தி அகலமா. மேல பிளாஸ்டிக் பேப்பர் மூடி ஓரத்த டேப் ஒட்டிருங்க. ஒரு நாள் கழிச்சு பேப்பர எடுத்துட்டு அப்பிடியே காய விடுங்க, காயும்போதுதான் அது எண்ணெய மேல இழுக்கும், இந்த காய விடுற வேலைய நிறைய பேரு செய்யிறதில்ல, ஈரத்தோடயே வழிச்சு எடுத்துட்டு வேலை செய்யலன்னு சொல்லுவாங்க. காஞ்சதும் மரத்துண்டு இல்ல பிளாஸ்டிக் கட்டையால எடுங்க, கத்தி வேணாம். பழைய கறை ஒரு தடவையில போகாது, திரும்ப திரும்ப போடணும்.

அசிட்டோன் பெற்றோல் மாதிரியே சட்டுன்னு பத்திக்கும். சாமி ரூம்னு சொல்றீங்க, அந்த வேலை முடியிற வரைக்கும் விளக்கு, ஊதுபத்தி, சூடம் ஒன்னும் கூடாது, சாமிய வேற ரூமுக்கு வச்சிருங்க. பயமா இருந்தா அசிட்டோனுக்கு பதிலா பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் தண்ணியில கலந்து அதுல குழைச்சு போடலாம், மெதுவாத்தான் எடுக்கும் ஆனா எடுக்கும். நெகப்பூச்சு அழிக்கிற மருந்து வேணாம், அதுல கலரும் எண்ணெயும் சேத்திருப்பாங்க.

குங்குமம், மஞ்சள், தேயிலை சாயம், கோப்பி இதுக்கெல்லாம் அசிட்டோன் இல்ல, ஃபார்மசியில காயத்துக்கு போடுற ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கி அதே மாதிரி பத்து போடுங்க. வெள்ளை கல்லுக்கு மட்டும்தான், கறுப்பு கல்லுல போட்டா கலர் வெளுத்துரும். மூலையில முதல்ல சோதிச்சிட்டு செய்யுங்க. மஞ்சள் கறை மேல சவர்க்காரம் பட்டா திடீர்னு செகப்பாகும், பயந்துறாதீங்க, மஞ்சளோட குணம் அது. வெயில் விழுற இடம்னா மஞ்சள் தானாவே கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துரும்.


மஸ்கெலியா அப்பு மகன்:

அம்மா சொன்னத லேசா எடுத்துறாதீங்க அக்கா, அது வேற தரைக்கான வைத்தியம், அவ்வளவுதான். எங்க அப்பா துரை பங்களாவுல அப்புவா, அதாவது சமையல்காரரா இருந்தவரு. அங்க செகப்பு சிமெந்து தரைக்கு மென்ஷன் பொலிஷ் பூசி, தேங்கா மட்டைய குறுக்கா வெட்டி அதுல ஒரு கால வச்சு ஆடி ஆடி தேய்ப்பாங்க, சின்ன வயசுல எங்களையும் விடுவாரு, அது எங்களுக்கு விளையாட்டு. அந்த தரை அப்பிடி மினுங்கும். சிமெந்துக்கு மெழுகு வேணும். மண்ணெண்ணெயும் அந்த பழைய மெழுக எடுக்கத்தான்.

மாபிளுக்கு அதே மெழுக பூசுனா நாளாக ஆக மஞ்சளடிக்கும், அதுல தூசி ஒட்டும், ஈரம் வெளிய போகவும் விடாது. செகப்பு பொலிஷ்னா சொல்லவே வேணாம், அந்த சாயம் வெள்ளை கல்லுக்குள்ள போனா அவ்வளவுதான். மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே, கல்லு குடிச்சிட்டு வாசம் வீசிக்கிட்டே இருக்கும். எறும்பு வராதுங்கிறது மட்டும் உண்மை.


டிக்கோயாக்காரி:

எல்லாருக்கும் மிச்சம் நன்றி. டோர்ச் அடிச்சு பார்த்தோம், அம்மாவே பயந்துட்டாங்க, வாசல் மட்டும் இல்ல, சாப்பாட்டு மேசைக்கு கீழ, தண்ணி ஃபில்டர் பக்கத்துல எல்லாம் வட்டம் இருக்கு. மேசைக்கு கீழ ரசம் சிந்துனதா இருக்கும். கறுப்பு கல்லுல வினிகர் விட்டேன், ஒன்னுமே ஆகல.

அந்த வெள்ளை மாவு பூக்குறதுக்கு யாரும் சொல்லலையே. கடையில சீலர்னு ஒன்னு இருக்கு, அத பூசுனா எல்லாப் பிரச்சினையும் தீரும்னு சொல்றாங்க, விலையும் கூட. வாங்கவா?


கண்டி மாபிள் பொலிஷ்:

இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி, சீலர இப்ப வாங்காதீங்க. அந்த மாவு உப்பு. சுவருக்கு பின்னால இருந்தோ தரைக்கு கீழ இருந்தோ ஈரம் ஏறி, சிமெந்துல இருக்கிற உப்ப கரைச்சுக்கிட்டு கல்லு வழியா மேல வருது, தண்ணி ஆவியாகி போயிருது, உப்பு நின்னுருது. அதத்தான் தொடைக்கிறீங்க. ஈரத்துணியால தொடச்சா உப்பு திரும்ப கரைஞ்சு உள்ள போகுது, காஞ்சா வெளிய வருது, அதான் திரும்ப திரும்ப. காஞ்ச பிரஸ்ஸால கூட்டி எடுங்க, வெக்யூம் இருந்தா இன்னும் நல்லம். இது மேல சீலர் பூசுனா உப்பு வெளிய வர வழி இல்லாம கல்லுக்குள்ளயே கட்டியாகி மேல் தோல செதில் செதிலா பேத்துரும், அப்புறம் கல்ல மாத்தத்தான் வேணும்.

நான் ஒன்னு கேக்குறேன், பின்பக்கம் மேடா? மலைய வெட்டி வீடு கட்டுனதா? அப்பிடினா மேட்டுக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணி ஓடுற கான் இருக்கா, அந்த கான் தரை மட்டத்த விட கீழ போகுதா, இலை கிலை விழுந்து அடைச்சிருக்கா, கூரை பீலி தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க. மலைநாட்டுல நான் பார்த்த உப்பு பூக்குற வீடு முக்காவாசி இதுதான், ஹோல்ல மருந்து தேடுவாங்க, வியாதி வீட்டுக்கு பின்னால இருக்கும்.

கான சரி பண்ணி, தரை நல்லா காஞ்ச பிறகு சீலர் பூசலாம். உங்க டிக்கோயா பக்கம் மே மாசத்துல இருந்து தென்மேல் மழை விடாது, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் உள்ள வெயில்லதான் காயும், அப்ப செய்யுங்க. பண்டாரவளை, பதுளை பக்கம் ஆக்கள் இத வாசிச்சா, உங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டு. வாங்கும்போது கல்லுக்குள்ள இறங்குற ஜாதி சீலரா பார்த்து வாங்குங்க, மேல தோல் மாதிரி படியிற அக்ரிலிக் வேணாம், அது கீறி உரிஞ்சு பார்க்க அசிங்கமா வரும், ஈரத்தையும் அடைக்கும். கல்லுக்கு சீலர் தேவையான்னு பார்க்க ரெண்டு சொட்டு தண்ணிய விட்டு ஒரு கால் மணித்தியாலம் விடுங்க, அந்த இடம் கறுத்து இருந்தா கல்லு குடிக்குது, பூசணும். அப்பிடியே முத்தா நின்னா இன்னும் தேவையில்ல.

கடைக்காரன் சொல்லாத ஒன்னு, சீலர் கறைய மெதுவாக்கும், அவ்வளவுதான். தேசிக்காய் அரிப்ப எந்த சீலரும் நிப்பாட்டாது. அதனால அம்மாகிட்ட சொல்லி ஒரு பித்தளை தட்டோ வாழை இலையோ வச்சு அதுக்கு மேல தேசிக்காய வைக்கச் சொல்லுங்க, சாமி கோவிக்காது.

பொலிஷுக்கு ஆள் கூப்புடும்போது எந்த நம்பர்ல இருந்து தேய்ப்பீங்கன்னு கேளுங்க. டயமண்ட் பேட் 50, 100, 200, 400, 800, 1500, 3000ன்னு ஏறும். உங்க தரைக்கு அரிப்பும் சின்ன கீறலும்தான்னா 400 பக்கம் ஆரம்பிச்சா போதும், எல்லாத்துக்கும் 50ல இருந்து இழுக்கிறவர் கல்ல வீணா தேய்க்கிறாரு. 400க்கு அப்புறம் நேரா 3000க்கு பாயிறவரும் வேணாம், அந்த பளபளப்பு ரெண்டு மாசம் தாங்காது. தண்ணி விட்டு தேய்க்கணும், அந்த பால் தண்ணிய கையோட அள்ளி எடுக்கணும், கான்ல ஊத்துனா இறுகி கான் அடைக்கும், அப்புறம் திரும்பவும் உப்பு கதைதான். உப்பு பூக்குற ஓரத்த கான் சரியாகி காயிற வரைக்கும் தொட விடாதீங்க.


பண்டாரவளை கெஸ்ட்ஹவுஸ்:

தினசரி பராமரிப்பு பத்தி நான் சொல்லலாம், எங்களுக்கு வெள்ளைக்காரங்க சேத்து சப்பாத்தோட வந்து ஏறுவாங்க. வாசலுக்கு வெளிய சொரசொரப்பான தும்பு கால்மிதி ஒன்னு, உள்ள துணி கால்மிதி ஒன்னு, ரெண்டும் வேணும். நம்ம செம்மண்ணுல இரும்பு இருக்கு, ஈரத்தோட வெள்ளை கல்லுல நின்னா செகப்பு ஊறிரும். ரப்பர் அடி வச்ச கால்மிதிய மாபிள் மேல நிரந்தரமா போடாதீங்க, கீழ ஈரம் நின்னு மஞ்சளாகும். இரும்பு பூச்சட்டி ஸ்டாண்ட், கேஸ் சிலிண்டர் இதெல்லாம் துரு வட்டம் போடும், துருவுக்கு கடையில விக்கிற மருந்துல பாதி அசிட், அதனால வராம பார்க்கிறதுதான் புத்தி.

துடைக்க ரெண்டு வாளி வைங்க, ஒன்னு மருந்து தண்ணி, ஒன்னு மொப் அலச. பிஎச் 7ன்னு போட்ட, அதாவது புளிப்பும் இல்லாத காரமும் இல்லாத கல்லு கிளீனர் கிடைச்சா அது, இல்லாட்டி பாத்திர லிக்விட் ஒரு வாளிக்கு சில சொட்டு, கூட போட்டா படலம் மாதிரி படிஞ்சு அதுவே மங்கலா காட்டும். லெமன் வாசம்னு போத்தல்ல படம் போட்டிருந்தா பின்னால திருப்பி சிட்ரிக் அசிட் இருக்கான்னு வாசிங்க. கடைசியா காஞ்ச துணி போட்டு ஈரத்த எடுத்துருங்க, மூடுபனி நாள்ல தரை தானா காயாது, வயசானவங்க வழுக்கி விழுவாங்க. வெராண்டாவுக்கு பொலிஷ் வேணவே வேணாம், கறுப்பு கல்ல சொரசொரப்பாவே விடுங்க.


நுவரெலியா_87:

சரி சரி, எங்க வீட்டுலயும் டோர்ச் அடிச்சு பார்த்தேன், நம்மது போர்சலின்தான், ஒரே டிசைன் நாலு டைல்ஸுக்கு ஒரு தடவை திரும்ப வருது 😄 வினிகர் எனக்கு மட்டும்.


டிக்கோயாக்காரி:

பின்னால போய் பார்த்தோம். கான் இருக்கு, ஆனா மேட்டுல இருந்து மண்ணு சரிஞ்சு முழுசா மூடிப்போச்சு, தரை மட்டத்துக்கே வந்துருச்சு. ஞாயிற்றுக்கிழமை தம்பி ரெண்டு பேர கூட்டிட்டு வெட்டுறதா சொல்லியிருக்கான். குங்குமத்துக்கு பெரொக்சைட் பத்து இன்னைக்கு போட்டிருக்கேன். கண்டி அண்ணே, அசிட் வேணாம்னு பாஸ்கிட்ட சொன்னதுக்கு அவர் ஒக்ஸாலிக்னு ஒரு வெள்ளை தூள் சொல்றாரு, அது அசிட் இல்ல தூள்தானேங்கிறாரு, அது பரவாயில்லையா?


கண்டி மாபிள் பொலிஷ்:

தூளா இருந்தாலும் அதுவும் அசிட்தான் தங்கச்சி. மொசைக் தரையும் மாபிளும் பொலிஷ் பண்றப்ப கடைசியில மெசின்ல கொஞ்சமா போட்டு பளபளப்பு ஏத்துறது பழைய முறை, பழகுன கை அளவு பார்த்து போட்டு உடனே கழுவி எடுத்துரும். வாளியில கரைச்சு தரை முழுக்க ஊத்துறதுக்கு உள்ள சாமான் இல்ல அது. பாஸ்கிட்ட கான் வெட்டுற வேலைய குடுங்க, தரைய விட்டுறச் சொல்லுங்க.